பிரஸ்ஸல்ஸில் சாக்லேட் தேடிப் போகிறவர்களுக்கு

பிரஸ்ஸல்ஸுக்குச் சுற்றுலா போய்விட்டு சாக்லேட் வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. ஆனால் பலரும் வாங்குவது மன்னகென் பிஸ் சிலையைச் சுற்றியுள்ள தெருக்களில், ரிப்பன் கட்டிய பெட்டிகளைக் கூரைவரை அடுக்கி, மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதிப் போட்டிருக்கும் கடைகளில். அதுவும் சாக்லேட்தான், தின்னக்கூடாத பண்டம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்காக விமானம் ஏறி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றரை நாள் ஒதுக்கினால் போதும். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்த்த கடைக்குள் எல்லாம் நுழையாதீர்கள். ஏழெட்டுக் கடைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே வகைச் சாக்லேட்டை இரண்டிரண்டு துண்டு வாங்கித் தின்று பாருங்கள். ஒரு கடையில் காப்பிச் சுவை, அடுத்ததில் ஆரஞ்சு, அதற்கடுத்ததில் கேரமல் என்று மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் எல்லாமே இனிப்பாக இருந்தது என்பதைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது.

கிளம்பும் முன்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. ஐரோப்பியக் கோடை நமக்கெல்லாம் ஒரு கோடையே இல்லைதான், ஆனால் கொக்கோ வெண்ணெய்க்கு அப்படி இல்லை. 34 டிகிரிக்குள் அது முழுக்க உருகிவிடும். வெயிலில் நடக்கும்போது தோள்பைக்குள் அந்தச் சூடு சுலபமாக ஏறும். டிசம்பர் 6-ஆம் தேதி செயின்ட் நிக்கோலஸ் நாள். அதற்கு முந்தைய வாரங்களில் கடைகளில் தாடி வைத்த பிஷப் உருவச் சாக்லேட்டுகள் வரிசைகட்டி நிற்கும். ஈஸ்டருக்கு முட்டைகள் வரும், கூடவே மணிகளும். ரோமுக்குப் பறந்துபோன தேவாலய மணிகள் திரும்பும்போது முட்டைகளைப் போட்டுவிட்டுப் போகும் என்று அங்கே பிரெஞ்சு பேசும் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். இந்த இரண்டு சமயத்திலும் கடைகள் பார்க்க அழகாக இருக்கும், கூட்டமும் நெரியும். நிதானமாகச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்றால் ஜனவரி பிற்பாதியோ நவம்பரோ மேல்.

சவெண்டம் விமான நிலையத்திலிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு ரயிலில் இருபது நிமிடம்தான். தங்குமிடம் அதன் பக்கத்தில் கிடைத்தால் முதல் நாள் முழுக்க நடந்தே முடித்துவிடலாம். மெட்ரோவிலும் டிராமிலும் வங்கி அட்டையைத் தட்டினால் போதும், தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம். ஒரே அட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் கட்டணத்துக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். குடும்பமாகப் போனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அப்புறம், ஊரில் எல்லாப் பெயர்களும் பிரெஞ்சிலும் டச்சிலும் இரட்டையாக எழுதியிருக்கும். கிராண்ட் பிளாஸும் குரோட்டே மார்க்ட்டும் ஒரே சதுக்கம். சப்லோனும் சாவெலும் ஒரே இடம். கைபேசி வரைபடம் ஒன்றைக் காட்ட, பலகை இன்னொன்றைச் சொல்கிறதே என்று திகைக்க வேண்டாம்.

காலையில் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெறும் வயிற்றில் சாக்லேட் தின்றால் மூன்றாவது கடையிலேயே திகட்டிவிடும். ஒரு பாட்டில் தண்ணீரும், வெண்ணெய் தடவாத ரொட்டித் துண்டு கொஞ்சமும் கையில் இருக்கட்டும். ஒரு கடையின் சுவை அடுத்த கடைக்குத் தொற்றாமல் இருக்க அதுதான் வழி.

யார் செய்கிறார்கள், யார் உருக்குகிறார்கள்

இதைத் தெரிந்துகொண்டு போனால் கடைக்காரரிடம் சரியான கேள்வி கேட்கலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொக்கோ விதையை வறுத்து, ஓடு நீக்கி, அரைத்து, சர்க்கரை சேர்த்து, மணிக்கணக்கில் கடைந்து சாக்லேட் ஆக்குவது ஒரு தொழில். அப்படி ஆக்கிய சாக்லேட்டை வாங்கி உருக்கி, உள்ளே பூரணம் வைத்து அழகான துண்டுகளாகச் செய்வது வேறொரு தொழில். பிரஸ்ஸல்ஸில் நீங்கள் பார்க்கப்போகும் கடைகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது ரகம். மூலச் சாக்லேட் அவர்களுக்குப் பெரிய ஆலைகளிலிருந்து வருகிறது. பிரஸ்ஸல்ஸுக்கு வடமேற்கே வீஸ என்ற ஊரில் உள்ள பாரி கலெபோ ஆலை உலகிலேயே மிகப் பெரிய சாக்லேட் ஆலை. திரவச் சாக்லேட்டை டேங்கர் லாரியில் ஏற்றி மற்ற தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் அளவுக்குப் பெரியது. ஊட்டியில் 'ஹோம்மேட்' என்று விற்கும் கடைகளிலும் கட்டிச் சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அங்கேயும் வேலையின் அடிப்படை அதேதான். மூலப்பொருளின் தரமும் பூரணத்தில் காட்டும் கைத்திறனும்தான் வேறு.

உருக்குவது மட்டமான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பதமாக உருக்கி, பதமாக ஆறவைப்பதில்தான் பாதி வித்தை இருக்கிறது. டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் சூடாக்கி, 27 அல்லது 28-க்குக் குளிரவைத்து, மறுபடி 31, 32-க்கு ஏற்றுவார்கள். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஒன்றுதான் பளபளப்பாக, டக்கென்று உடைவதாக, வாயில் போட்டதும் கரைவதாக இருக்கும். அந்தப் படிகம் மட்டும் உருவாவதற்குத்தான் இத்தனை ஏற்ற இறக்கம். பதம் தப்பினால் சாக்லேட்மேல் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். கண்ணாடிப் பெட்டியில் அப்படி மங்கிய துண்டுகளைப் பார்த்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

'பெல்ஜியன் சாக்லேட்' என்ற பெயருக்கு ஷாம்பெய்னுக்கு இருப்பதுபோல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு கிடையாது. கொக்கோ, சர்க்கரை, பால் எல்லாம் கலந்து அரைத்துக் கடையும் வேலை பெல்ஜியத்துக்குள் நடந்திருக்க வேண்டும் என்று அங்குள்ள தொழில்துறையினர் 2007-இல் தாங்களே ஒரு நெறி வகுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எனவே பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஐரோப்பிய விதிப்படி கொக்கோ வெண்ணெய் அல்லாத சில தாவரக் கொழுப்புகளை 5 சதவீதம் வரை சேர்க்கலாம். சேர்த்தால் அதைப் பெட்டியில் சொல்லியாக வேண்டும். நல்ல கடைகள் சேர்ப்பதில்லை.

முதல் நாள்: மையத்தில் நடை

காலை பத்து மணிக்கு மேல் தொடங்கினால் போதும், அதற்கு முன் பல கடைகள் திறந்திருக்காது. மத்திய ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் செயின்ட் ஹூபர்ட் காலரி வந்துவிடும். 1847-இல் திறந்த, கண்ணாடிக் கூரை வேய்ந்த நீண்ட கடைவீதி அது. மழை பெய்தாலும் கவலையில்லை, அந்த ஊரில் மழை பெய்யும்.

முதல் கடை நொய்ஹவுஸாக இருக்கட்டும். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஜான் நொய்ஹவுஸ் 1857-இல் இந்தக் காலரியில் மருந்துக்கடைதான் வைத்தார். கசப்பு மருந்தைச் சாக்லேட்டில் பொதிந்து விற்றது அங்கிருந்துதான். அவருடைய பேரன், அதே பெயர்க்காரர், 1912-இல் மருந்துக்குப் பதிலாக இனிப்பான பூரணத்தை உள்ளே வைத்தார். பெல்ஜியத்தில் பிராலின் என்று சொல்வது இப்படிப் பூரணம் வைத்த சாக்லேட்டைத்தான். அதுவரை சாக்லேட்டுகளைக் கூம்புப் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடியில் இருப்பவை நசுங்கும். பேரனின் மனைவி லூயிஸ் அகொஸ்தினி 1915-இல் அதற்கென ஒரு அட்டைப் பெட்டியை வடிவமைத்தார். இன்று நகரத்தின் எல்லாக் கடைகளிலும் பயன்படும் பலோத்தன் பெட்டி அதுதான்.

இங்கே எப்படி வாங்குவது என்று பார்த்துக்கொண்டால் மற்ற கடைகளிலும் அதே முறைதான். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகளில் பிராலின்கள் வகைவகையாக இருக்கும். நீங்கள் விரலால் காட்ட, கையுறை போட்ட விற்பனையாளர் ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்த பெட்டிக்குள் அடுக்குவார். கனமானவை அடியில், மெல்லிய ஓடு உள்ளவை மேலே, அடுக்குக்கு அடுக்கு ஒரு தாள். 250 கிராம் பெட்டியில் ஏறத்தாழ இருபது துண்டு பிடிக்கும். பெட்டியாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 'ஆ லா பியெஸ்' என்று கேட்டால் எண்ணிக்கைக்குத் தருவார்கள், சின்னக் காகிதப் பையில் போட்டு. இரண்டே இரண்டு துண்டு கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். உள்ளூர்க்காரர்களே வேலை முடிந்து போகும்போது அப்படி வாங்கித் தின்றுகொண்டு நடப்பார்கள். ஆங்கிலம் எல்லாக் கடைகளிலும் செல்லும், ஆனால் நுழைந்ததும் ஒரு 'போன்ஜூர்' சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நேராகக் கண்ணாடியைக் காட்டிப் பேச ஆரம்பித்தால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

எதை வாங்குவது? ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வகை போதும். ஒன்று, டார்க் சாக்லேட் ஓட்டுக்குள் எந்த மணமும் சேர்க்காத கனாஷ், அதாவது கிரீமும் சாக்லேட்டும் கலந்த மென்மையான பூரணம். இன்னொன்று பிராலினே: பாகு காய்ச்சிய சர்க்கரையோடு ஹேசல்நட்டையோ பாதாமையோ சேர்த்து அரைத்த விழுது. இந்த இரண்டிலும் எதையும் மறைக்க முடியாது. கனாஷ் பழையதாக இருந்தால் நாக்கில் மெழுகு ஒட்டினாற்போல் இருக்கும். பிராலினேயில் மட்டமான பருப்பு போட்டிருந்தால் சர்க்கரை மட்டும் முன்னால் வந்து நிற்கும், பருப்பின் வறுத்த வாசனை வராது. இந்த இரண்டையும் எல்லாக் கடையிலும் வாங்குங்கள். கூடவே கடைக்கு ஒரு விசேஷத் துண்டு சேர்த்துக்கொள்ளலாம். நொய்ஹவுஸில் அது கப்ரீஸ். 1958-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காகச் செய்தது; சர்க்கரைப் பாகில் பருப்பு சேர்த்த மொறுமொறு நூகட்டீனுக்குள் வனிலா கிரீம் இருக்கும்.

வாங்கியதை உடனே வாயில் போட்டு மென்றுவிடாதீர்கள். பல்லால் பாதியாகக் கடித்து மீதியைப் பாருங்கள். ஓடு எவ்வளவு கனம்? அச்சில் வார்த்த பிராலினுக்கு ஓடு தடித்திருக்கும், மேலே பூவேலை, கோடுகள் கூர்மையாகத் தெரியும். பூரணத்தைத் துண்டு போட்டு அதன்மேல் சாக்லேட்டை வழியவிட்டது என்றால் ஓடு மிக மெல்லியதாக இருக்கும், அடி தட்டையாக, விளிம்பில் லேசாகச் சாக்லேட் பரவி உறைந்திருக்கும், மேலே முள்கரண்டி வைத்த தடம் தெரியும். மெல்லிய ஓட்டுக்காரர்கள் பூரணத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் என்பது என் எண்ணம். மீதிப் பாதியை நாக்கில் வைத்து மேலண்ணத்தோடு அழுத்திக் கரையவிடுங்கள்.

அதே காலரியில் மேரி கடையும் இருக்கிறது. மேரி டெலூக் என்ற பெண்மணி 1919-இல் தொடங்கியது, 1942 முதல் பெல்ஜிய அரண்மனைக்குச் சாக்லேட் தருகிற கடை. பெட்டிகள் அவ்வளவு அழகு, பரிசு கொடுக்க இங்கே வாங்கலாம். இவர்களின் தலைமைக் கடை ரூ ரோயால் சாலையில் இருக்கிறது, நேரம் இருந்தால் அங்கே போகலாம்.

காலரியை விட்டு வெளியே வந்து கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தைச் சுற்றிவிட்டு, பக்கத்திலேயே ரூ ஓ பேர் தெருவுக்குப் போங்கள். இந்தத் தெருவில் சாக்லேட் கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். நான் சொல்வது லியோனிடாஸ் ஒன்று மட்டும். அமெரிக்கா போய் மிட்டாய்த் தொழில் பழகி, 1910-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்கு வந்த கிரேக்கர் லியோனிடாஸ் கெஸ்தெகிடெஸ் தொடங்கிய கடை. சாக்லேட் பணக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த காலத்தில் தெருவைப் பார்த்த ஜன்னலைத் தூக்கிவிட்டு, போகிற வருகிறவர்களுக்கு மலிவாக விற்றது இந்தக் குடும்பம். இன்றும் நொய்ஹவுஸைவிடக் கணிசமாக விலை குறைவு. பெரிய நிபுணர்கள் இதை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. பெல்ஜியக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போகும்போது வாங்கிப் போவதோ இதைத்தான். மனோன் கேஃபே என்று கேளுங்கள்: காப்பிச் சுவை பட்டர் கிரீம், நடுவில் ஒரு முழு ஹேசல்நட், சுற்றிலும் வெள்ளைச் சாக்லேட். பில்டர் காப்பி குடித்து வளர்ந்தவர்களுக்குப் பிடிக்கும்.

மன்னகென் பிஸ் சிலைக்குப் போகும் வழியில், ரூ டெ லெத்யூவ் தெருவில் சோகோ-ஸ்டோரி அருங்காட்சியகம் இருக்கிறது. மாயா, அஸ்டெக் கதைகளில் தொடங்கும் அறைகளை வேகமாகக் கடந்துவிடலாம். அங்கே பார்க்க வேண்டியது கடைசியில் நடக்கும் செய்முறை விளக்கம். ஒருவர் அச்சில் சாக்லேட்டை ஊற்றுவார், காற்றுக் குமிழி வெளியேற மேசையில் டப்டப் என்று தட்டுவார், உடனே அச்சைக் கவிழ்த்து விடுவார். குழிகளில் ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் நிற்க, மீதி பாத்திரத்துக்கே திரும்பிவிடும். அதுதான் ஓடு. உறைந்ததும் பூரணத்தைப் பிதுக்கி, மேலே மறுபடி சாக்லேட் பூசி வழித்து மூடுவார்கள். இதைக் கண்ணால் பார்த்த பிறகு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு துண்டும் எப்படி உருவானது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மதியம் நன்றாகச் சாப்பிடுங்கள், உப்பும் காரமுமாக. சாப்பிட்டதும் ஓர் ஒன்றரை மணி நேரம் சாக்லேட் பக்கமே போகாதீர்கள்.

மாலை மேட்டுப் பகுதிக்கு. மத்திய நிலையத்துக்கு மேலே ரூ ராவென்ஸ்டைன் தெருவில் லோரான் ஜெர்போவின் கடையும் காபி இடமும் ஒன்றாக இருக்கின்றன. சீனாவில் சில காலம் இருந்தவர், உலர்ந்த பழங்களில் ஈடுபாடு அதிகம். அத்தி, இஞ்சி, குட்டி ஆரஞ்சு போன்ற கும்குவாட் எல்லாம் டார்க் சாக்லேட்டில் முக்கி வரும். சர்க்கரை அடக்கமாக இருக்கும். இங்கே உட்கார்ந்து ஒரு சூடான சாக்லேட் குடிக்கலாம், கால்களுக்கும் ஓய்வு.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் கிராண்ட் சப்லோன் சதுக்கம். சனி, ஞாயிறுகளில் பழம்பொருள் சந்தை கூடும். சதுக்கத்தைச் சுற்றிப் பெயர் பெற்ற சாக்லேட் கடைகள் பல உண்டு. நேராகப் பியர் மார்கோலினி கடைக்குப் போங்கள். 1995-இல் லியோனில் நடந்த உலகப் பேஸ்ட்ரி போட்டியில் வென்றவர், அதே ஆண்டு சாக்லேட் தொழிலைத் தொடங்கினார். நகைக்கடைபோல இருக்கும், விலையும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இவர் கொக்கோ விதையிலிருந்தே சாக்லேட் ஆக்குகிறவர். ஆகவே பிராலினைவிட, ஒரே நாட்டு விதையில் செய்த சதுரச் சாக்லேட் பட்டை ஒன்றை வாங்குங்கள். காலையில் நொய்ஹவுஸில் தின்ற கனாஷையும் இங்கே உள்ள கனாஷையும் அடுத்தடுத்து வைத்துச் சுவைத்துப் பாருங்கள். முன்னதில் கிரீமின் இதம் தெரியும், பின்னதில் புளிப்பும் கசப்புமாகக் கொக்கோவே முன்னால் வரும். முன்னதுதான் பிடித்திருக்கிறது என்று தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, செலவு மிச்சம்.

இரண்டாம் நாள்: ஆலைப் பக்கம்

பெரிய சாக்லேட் ஆலைக்குள் நுழைந்து இயந்திரம் ஓடுவதைப் பார்க்கலாம் என்று கனவோடு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சுகாதார விதிகள் கடுமை, வெளியாட்களை உற்பத்தி இடத்துக்குள் விடமாட்டார்கள். 2022 ஜூனில் வீஸ ஆலையில் ஒரு மூலப்பொருள் வழியாக சால்மொனெல்லா கிருமி வந்துவிட, உற்பத்தி முழுவதையும் வாரக்கணக்கில் நிறுத்திக் கழுவ வேண்டியிருந்தது. தண்ணீர் படக்கூடாத இயந்திரங்களைச் சுத்தப்படுத்துவது எவ்வளவு பெரிய பாடு என்று யோசித்தால் அவர்களின் கெடுபிடி புரியும். நமக்குக் கிடைப்பது மூன்று: பழைய ஆலையில் வைத்திருக்கும் அருங்காட்சியகம், சிறு பட்டறை, ஆலையை ஒட்டிய விற்பனைக் கடை. மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம்.

மெட்ரோ 2 அல்லது 6-இல் ஏறி சிமோனிஸ் நிலையத்தில் இறங்குங்கள். கூக்கெல்பெர்க் பகுதி இது. ஒரு காலத்தில் விக்டோரியா என்ற பிஸ்கட், சாக்லேட் ஆலை இயங்கிய கட்டடத்தில் 2014-இல் பெல்ஜியன் சாக்லேட் வில்லேஜ் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கண்ணாடிக் குடில், வெப்பமும் ஈரமுமாக. அதில் கொக்கோ மரம் வளர்க்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடே கொக்கோ பார்த்தவர்களுக்கு இது புதுமை இல்லை. அடிமரத்திலேயே காய் ஒட்டிக்கொண்டு காய்ப்பதைப் பார்த்து ஐரோப்பியப் பிள்ளைகள் வாய்பிளப்பதை வேண்டுமானால் ரசிக்கலாம். மையத்தில் உள்ள அருங்காட்சியகத்தைவிட இங்கே கூட்டம் குறைவு. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதே கூக்கெல்பெர்க்கில்தான் ஃபிரெடெரிக் பிளாண்டீலின் பட்டறையும் கடையும் ரூ டெ கான்ஷோரன் தெருவில் இருக்கின்றன. விதையை வறுப்பது முதல் எல்லாமே இவரிடம்தான். உள்ளே நுழைந்ததும் மூக்கைக் கவனியுங்கள். வறுக்கும்போது வரும் வாசனையில் இனிப்பு அவ்வளவாக இருக்காது, லேசான காடி நெடியும் கலந்திருக்கும். விதையைத் தோட்டத்திலேயே நொதிக்கவைத்து உலர்த்துவதால் வரும் புளிப்பு அது. வறுக்க வறுக்கக் குறையும். நேற்று தின்ற பட்டையில் தெரிந்த புளிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் பதில்.

அடுத்தது நகரத்துக்கு வெளியே. சிமோனிஸிலிருந்து பேக்கான்ட் வந்து, அங்கே 5-ஆம் எண் மெட்ரோவுக்கு மாறி எராஸ்ம் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஃப்ளேசன்பேக் ஊருக்கு டெ லெய்ன் நிறுவனப் பேருந்து. இது டச்சு பேசும் ஃப்ளெமிஷ் பகுதியின் பேருந்து, பிரஸ்ஸல்ஸ் நகரக் கட்டணத்தில் சேராது, தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். பேருந்து அடிக்கடி வராது, திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள்.

நொய்ஹவுஸ் சாக்லேட்டுகள் தயாராகும் ஆலை இங்கேதான். ஒட்டியே விற்பனைக் கடை. நகரக் கடைகளின் பளபளப்பு கிடையாது. ஆனால் சுவைத்துப் பார்க்கத் தாராளமாக வைத்திருப்பார்கள், விலையும் நகரத்தைவிடக் குறைவு. பருவம் முடிந்த பெட்டிகள், ஈஸ்டருக்குப் பிறகு மிஞ்சிய முட்டைகள் எல்லாம் இங்கே தள்ளுபடியில் வரும். வாங்கும் முன் காலாவதித் தேதியைப் பார்க்கவேண்டியது இங்கேதான். சுவைக்க இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆளாளுக்குப் பத்துப் பதினைந்து தின்றுவிட்டு, வாங்கும்போது நாக்கு மரத்துப்போய் நிற்கிறவர்களைப் பார்க்கலாம். நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போவதானால் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது நல்லது. லிண்டமன்ஸ் பியர் ஆலையும் இதே ஊரில்தான். கூட வந்தவர்களுக்குச் சாக்லேட்டில் ஆர்வம் இல்லையென்றால் இந்தத் தகவல் உதவும்.

சைவம், மது, சர்க்கரை

வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் தவறாமல் கேட்க வேண்டியது மதுவைப் பற்றி. ரம், கோன்யாக், செர்ரி மது கலந்த பிராலின்கள் எல்லாக் கடையிலும் உண்டு, பார்த்தால் தெரியாது. கலவைப் பெட்டி வாங்கினால் 'ஸான் அல்கோல்' என்று சொல்லிவிடுங்கள், அதாவது மது இல்லாமல். தனியாகச் சொன்னால் அப்படியே அடுக்கித் தருவார்கள். முன்கூட்டியே கட்டி வைத்த பெட்டிகளில் இந்த வசதி இல்லை.

சைவர்கள் கிமோவ் என்ற மெத்துமெத்தான மிட்டாய் பொதிந்தவற்றைத் தவிர்க்க வேண்டும், அதில் பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். அட்வோகாட் என்று எழுதியிருந்தால் முட்டையும் மதுவும் சேர்ந்தது. முந்திரி, பாதாம், ஹேசல்நட் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த நகரம் கொஞ்சம் சிரமம்தான். ஒவ்வாமைப் பட்டியல் எல்லாக் கடையிலும் கேட்டால் காட்டியாக வேண்டும். ஆனாலும் ஒரே இடத்தில் செய்வதால் முற்றிலும் பருப்பு படாதது கிடைப்பது அரிது.

நீரிழிவுக்காரர்களுக்கென்று சர்க்கரை இல்லாத சாக்லேட் விற்பார்கள். பெரும்பாலும் மால்டிடால் என்ற மாற்று இனிப்பைச் சேர்த்திருக்கும். அதுவும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், நாலைந்து துண்டுக்கு மேல் போனால் வயிற்றைக் கலக்கிவிடும். அதற்குப் பதில் 80 சதவீதத்துக்கு மேல் கொக்கோ உள்ள நல்ல பட்டையில் ஒரு துண்டு தின்பது மேல்.

ஊருக்குக் கொண்டுவருவது

அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க பிராலின் வாங்காதீர்கள். டெலேஸ் அல்லது கார்ஃபூர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் கோட் டோர் பட்டைகளை வாங்குங்கள். யானைப் படம் போட்ட உறை. அன்றைய கோல்ட் கோஸ்ட், இன்றைய கானா, அங்கிருந்து விதை வந்ததால் பெயரும் அதுவே, யானையும் அந்த ஊர்த் தபால்தலையிலிருந்து வந்ததுதான். மாதக்கணக்கில் கெடாது, நசுங்காது, விலையும் கட்டுப்படியாகும். காலேர் பட்டைகளும் நன்றாக இருக்கும்.

கிரீம் கனாஷ் உள்ள பிராலின்கள் சில வாரங்கள்தான் தாங்கும். விற்பனையாளரிடம் எத்தனை நாள் என்று கேட்டால் துண்டுக்குத் துண்டு சொல்வார். பிராலினே வகைகள் இன்னும் கொஞ்சம் நாள் தாங்கும், ஆகவே தூரப் பயணத்துக்கு அவற்றையே அதிகம் எடுங்கள். வாங்குவதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். முதல் நாள் சுவைக்க, கடைசி நாள் வாங்க. ஹோட்டல் அறையில் ரேடியேட்டர் பக்கம் பையை வைக்காதீர்கள்.

விமானத்தில் கைப்பையில் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. பெட்டியில் போட்டால் சென்னையில் தரையிறங்கிய பிறகு ஓடுதளத்து வெயிலில் எவ்வளவு நேரம் கிடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ரொட்டியில் தடவும் சாக்லேட் விழுதைக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் அது திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். வரி திரும்பப் பெறும் ஆசையும் வேண்டாம். பெல்ஜியத்தில் உணவுப்பொருளுக்கு மதிப்புக்கூட்டு வரியே 6 சதவீதம்தான். அதைக் கேட்பதற்கும் ஒரே கடையில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். வரிசையில் நிற்கிற நேரத்துக்குக் கட்டாது.

வீடு வந்ததும் எல்லாவற்றையும் அப்படியே பிரிட்ஜில் திணித்துவிடக் கூடாது. சாக்லேட்டுக்கு ஏற்றது 15 முதல் 18 டிகிரி. நம்மூர் வீட்டில் அது ஏசி அறையில்கூடக் கிடைக்காது, ஆகவே வேறு வழியில்லாமல் பிரிட்ஜுக்குத்தான் போகும். பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, பிரிட்ஜில் குளிர் குறைவாக உள்ள தட்டில் வையுங்கள். சாம்பார்ப் பாத்திரத்துக்கும் வெட்டிய வெங்காயத்துக்கும் எட்டத்தில். கொக்கோ வெண்ணெய் பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். எடுக்கும்போது டப்பாவை உடனே திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த சாக்லேட்மேல் நீர் முத்துக் கட்டி, சர்க்கரை கரைந்து மேலே வெள்ளையாகப் பூக்கும்.